வயதானவர் ஜெயித்தால் குற்றமா?

(சென்னை பெருங்குடியில், சைக்கிள் ஓட்டுபவர்களும் ஓட்டப் பயிற்சி செய்பவர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது இன்று விடியற்காலையில் எழுந்து, சோழிங்கநல்லூர் வழியாகவோ திருவான்மியூர் வழியாகவோ கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டி, கோவளத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அந்த டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். "அந்த அண்ணனுக்கு அம்பது ஆகப்போகுது. போன வருஷம் நம்ம பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்தவர். இப்ப பாலத்துல நம்மளையே கழட்டி விட்டுட்டுப் போறார். ஏதோ எடுத்துக்கிறாருப்பா." சொல்பவர் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். கேட்பவர்களும் சிரிக்கிறார்கள். ஆனால் அடுத்த வாரம் அந்த அண்ணன் வந்து நிற்கும்போது எல்லோர் பார்வையும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

நான் மருத்துவன் இல்லை. பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதி வயதானவன். எனக்குத் தெரிந்தவரை, அந்தச் சந்தேகம் முட்டாள்தனமும் இல்லை, நியாயமும் இல்லை. அது எங்கிருந்து வந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் என் பேச்சு.

முதலில் ஒரு வெளிநாட்டு அண்ணன். 2013 செப்டம்பரில் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தை அமெரிக்கர் கிறிஸ் ஹார்னர் ஜெயித்தார். மூன்று வாரம் ஓடுகிற பந்தயம். ஹார்னருக்கு அப்போது வயது 41. இரண்டாம் இடத்துக்கு வந்த இத்தாலியர் நிபாலிக்கு 28. வித்தியாசம் 37 விநாடி. ஹார்னர் அதற்கு முன்னால் எந்த மூன்று வாரப் பந்தயத்திலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவரில்லை. அந்த ஆண்டே முழங்கால் அறுவை சிகிச்சை வேறு செய்துகொண்டிருந்தார். மூன்று வாரப் பெரும் பந்தயங்களை ஜெயித்தவர்களில் அவரைவிட வயதானவர் இதுவரை கிடையாது. டூர் டி பிரான்ஸை எடுத்துக்கொண்டால், 1922இல் 36 வயதில் ஜெயித்த பெல்ஜியர் ஃபிர்மின் லாம்போதான் இன்றைக்கும் மூத்தவர்.

ஹார்னர் ஜெயித்த மறுநாள் காலையில் சோதனை அதிகாரிகள் அணி தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனார்கள். ஆள் இல்லை. உடனே 'சோதனைக்குத் தப்பினார்' என்று செய்தி பறந்தது. ஆனால் வேறு ஓட்டலில் மனைவியோடு தங்கப்போகிறேன் என்று அவர் ஏற்கெனவே முறைப்படி தெரிவித்திருந்தார். போனவர்கள்தான் தவறான இடத்துக்குப் போயிருந்தார்கள். விளக்கம் வந்தது. ஆனால் முதல் செய்தி போன தூரம் விளக்கம் போகவில்லை. பிறகு அவர் பல ஆண்டுகளின் ரத்தப் பரிசோதனைக் கணக்கைத் தாமே பொதுவில் வெளியிட்டார். அதைப் படித்தவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அவர் எந்தச் சோதனையிலும் தோற்றதில்லை. ஆனாலும் ஒரு பெரும் பந்தயத்தின் வெற்றியாளருக்கு அடுத்த ஆண்டுக்கான அணி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று.

இப்போது எண்களுக்கு வருகிறேன். வயது நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது?

உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்று ஓர் அளவு உண்டு. உங்கள் கைக்கடிகாரம் 'விஓ2 மேக்ஸ்' என்று காட்டுகிறதே, அதுதான். முப்பது வயதுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அது பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல் கடும் பயிற்சி செய்பவருக்கு அதில் பாதி அளவுக்குக் குறையலாம். குறையாமல் யாருக்கும் இருப்பதில்லை. இதயம் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது. முப்பது வயதில் 187. ஐம்பதில் 173. பயிற்சி அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. வேகத்துக்கான தசை இழைகள் முதலில் மெலிகின்றன. நேற்றைய களைப்பு இன்று காலை தீராமல் நாளை மறுநாள் வரை இழுக்கிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்ற கணக்கில் மெல்ல இறங்குகிறது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால், வயது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்வதில்லை என்பது தெரியும். பாய்ச்சலை முதலில் எடுத்துக்கொள்கிறது. மீட்சியை இரண்டாவதாக. நீடித்து மிதிக்கும் திறனைக் கடைசியாக. எந்தச் சக்கரத்தின் பின்னால் ஒளிவது, எப்போது முன்னால் போவது என்ற அறிவை எடுத்துக்கொள்வதே இல்லை. ஆகவே 50 வயது அண்ணன் பத்து கிலோமீட்டர் எதிர்காற்றில் ஒரே சீராக உங்களைக் கழட்டிவிட்டால் அதில் அதிசயமில்லை. அவருக்கு 28 வயதுப் பையனின் கடைசி 200 மீட்டர் பாய்ச்சல் திடீரென்று வந்துவிட்டால்தான் நெற்றி சுருங்க வேண்டும்.

வேகம் முதலில் போகும் என்றால் மார்க் கேவண்டிஷ் எப்படி என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2024 ஜூலை 3ஆம் தேதி, 39 வயதில், அவர் டூர் டி பிரான்ஸில் தமது 35ஆவது ஒருநாள் கட்டத்தை ஜெயித்து எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைத் தாண்டினார். பாய்ச்சல் வீரர்தான். ஆனால் 2009இல் இதே மனிதர் ஒரே டூரில் ஆறு கட்டம் ஜெயித்தார். 2021இல் நான்கு. 2024இல் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக ஒரு முழு அணியே அவரைச் சுற்றிக் கட்டப்பட்டது. அந்தச் சாதனைக்குள்ளேயே தேய்மானமும் இருக்கிறது. நாம் சாதனையை மட்டும் பார்த்தோம்.

சரி, வயது இப்படி இயல்பாக வேலை செய்கிறது என்றால் சந்தேகம் எதற்கு? ஏனென்றால் சைக்கிள் பந்தயம் அந்தச் சந்தேகத்தைத் தானே சம்பாதித்துக்கொண்டது.

1967 ஜூலை 13 அன்று மான்ட் வான்டூ மலையேற்றத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் சரிந்து இறந்தார். வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. பிறகு 1990களில் 'ஈபிஓ' வந்தது. சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கிற ஹார்மோன்தான். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்வது அதன் வேலை. சிறுநீரக நோயாளிகளுக்காகச் செயற்கையாகத் தயாரித்த அந்த மருந்து பந்தய வீரர்களின் கைக்கு வந்தது. 1996 டூரை ஜெயித்த பியார்னே ரீஸ் 2007இல் தாமே ஒப்புக்கொண்டார். 1997இல் ரத்தத்தில் சிவப்பணு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டவிடமாட்டோம் என்று விதி வைத்தார்கள். நேரடிச் சோதனை அப்போது இல்லாததால் வைத்த விதி. விளைவு, 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். 1998 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து பிரான்ஸுக்குள் வந்த ஃபெஸ்டினா அணியின் காரில் மருந்து மூட்டையே பிடிபட்டது. ஈபிஓவை நேரடியாகக் கண்டுபிடிக்கும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் நடைமுறைக்கு வந்தது.

கவனியுங்கள். இந்த மருந்துகள் கொடுப்பவை என்ன? ஆக்ஸிஜன், மீட்சி, தசை. வயது எடுத்துக்கொள்பவை என்ன? அதே மூன்று. அதனால்தான் வயதானவரின் வெற்றி நம் கண்ணை உறுத்துகிறது. சந்தேகத்துக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. அது ஆதாரம் ஆகுமா என்பதுதான் கேள்வி.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் கதை உங்களுக்குத் தெரியும். 1999 முதல் 2005 வரை ஏழு டூர் வெற்றி. 2012இல் ஏழும் போயின. 2013 ஜனவரியில் ஊக்கமருந்து எடுத்ததாகத் தொலைக்காட்சியில் ஒப்புதல். அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். ஓய்வுபெற்றுத் திரும்பி வந்து 2009 டூரில், 37 வயதில், மூன்றாம் இடம் பிடித்தார். அந்தத் திரும்பலின்போது எதையும் எடுக்கவில்லை என்று அவர் இன்றும் சொல்கிறார். அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை அவருடைய வயதை வைத்து வாதாடவில்லை. ரத்தத்தை வைத்து வாதாடியது. மூன்று வாரம் மிதித்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், சிவப்பணுவின் அடர்த்தி இறங்க வேண்டும். வெளியிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டால் 'இனி போதும்' என்று உடல் புதிய சிவப்பணு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் 2009, 2010 மாதிரிகளில் இளம் சிவப்பணுக்கள் அப்படிக் குறைந்திருந்தன. அது இயற்கையாக நடக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றார் நிபுணர். அதோடு 26 பேர் சத்தியப் பிரமாணமாகச் சாட்சி சொன்னார்கள். அதில் 15 பேர் பந்தய வீரர்கள். ஐந்நூறு முறை சோதித்தும் தோற்கவில்லை என்று அவர் காலமெல்லாம் சொல்லிவந்தார். அந்த வாதம் விழுந்தது சாட்சியத்தாலும் ரத்தக் கணக்காலும்.

இங்கிருந்துதான் என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். 2008இல் உலக சைக்கிள் கூட்டமைப்பு 'உயிரியல் பாஸ்போர்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. மருந்தைத் தேடுவதற்குப் பதிலாக ஒரு வீரரின் ரத்தத்தை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து, அவருடைய இன்றைய அளவை அவருடைய நேற்றைய அளவோடு ஒப்பிடுகிற முறை. பக்கத்து வீரரோடு ஒப்பிடுவதில்லை. வயதுச் சராசரியோடு ஒப்பிடுவதில்லை. அவரை அவரோடேதான். பிறவியிலேயே சிவப்பணு அதிகமுள்ளவர் இருப்பார், மலைநாட்டில் வளர்ந்தவர் இருப்பார். ஒரே கோடு போட்டு எல்லோரையும் அதில் நிறுத்தினால் நியாயம் கிடைக்காது என்று 50 சதவீத விதி பத்தாண்டுகளில் கற்றுக்கொடுத்திருந்தது. டீக்கடையில் நாம் செய்வது அந்தப் பழைய விதியின் வேலை. 'அம்பது வயசுக்கு இவ்வளவுதான்' என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, தாண்டியவரைக் குற்றவாளி ஆக்குகிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். தொழில்முறை சாலை சைக்கிள் பந்தயத்தில் உலகம் பேசுகிற அளவுக்கு நமக்கு வீரர்கள் இல்லை. ஆனால் வயது, வெற்றி, சந்தேகம், ஊக்கமருந்து நான்கும் ஒரே முடிச்சில் மாட்டிக்கொண்ட சம்பவம் நம்மிடம் உண்டு.

2019 ஏப்ரல் 22. தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி. பெண்கள் 800 மீட்டர். திருச்சி அருகே முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வென்றார். வயது 30. அவருடைய வாழ்நாளின் சிறந்த நேரம் அதுதான். சீனாவின் வாங் சுன்யூ 2 நிமிடம் 2.96 விநாடியில் இரண்டாம் இடம். கோமதி இதே போட்டியில் 2013இல் புனேயில் ஏழாவது, 2015இல் வூஹானில் நான்காவது. எட்டு நாட்களுக்குத் தமிழ்நாட்டில் வேறு பேச்சு இல்லை. கட்சிகள் பணமுடிப்பு கொடுத்தன, நடிகர்கள் கொடுத்தார்கள், விமான நிலையத்தில் மாலைகள். முப்பது வயதில் இதெல்லாம் எப்படி என்று யாரும் அப்போது கேட்கவில்லை. ஏழ்மையை வென்ற கதை நமக்குப் போதுமானதாக இருந்தது.

மே மாதமே செய்தி மாறியது. மாதிரியில் 19-நோர்ஆண்ட்ரோஸ்டிரோன், அதாவது நாண்ட்ரோலோன் என்கிற ஸ்டீராய்டின் சுவடு. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. தங்கம் போனது. இரண்டாம் இடத்தில் வந்த வாங் சுன்யூ தங்கத்துக்கு உயர்ந்தார். ஆனால் மேடை, கொடி, தேசிய கீதம் எல்லாம் தோஹாவிலேயே முடிந்துவிட்டது. அதை யாரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. ஊக்கமருந்து பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுகிற ஆள் அவர்தான். அந்த ஓட்டப் பாதையில் அன்று சுத்தமாக ஓடித் தோற்றவர்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. கோமதியின் ரத்து செய்யப்பட்ட பந்தய முடிவுகள் தோஹாவில் தொடங்கவில்லை. மார்ச் 18ஆம் தேதி பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த மாதிரியிலிருந்தே தொடங்குகின்றன. பாட்டியாலாவுக்கும் தோஹாவுக்கும் இடையில் ஐந்து வாரம். பாட்டியாலா மாதிரியின் சோதனை முடிவு அதற்குள் வந்திருந்தால் அவர் விமானம் ஏறியிருக்க மாட்டார். இந்தியாவின் பெயர் கெட்டிருக்காது. வாங் சுன்யூ தம் மேடையில் தாமே நின்றிருப்பார். நாம் கொண்டாடியதும் அவசரம், தூக்கிப் போட்டதும் அவசரம். அவசரப்பட வேண்டிய சோதனைக்கூடம் மட்டும் நிதானமாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் டெல்லியில் உள்ள தேசியச் சோதனைக்கூடத்தின் அங்கீகாரத்தையே உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை நிறுத்திவைத்தது. திரும்பக் கிடைக்க 2021 டிசம்பர் ஆயிற்று.

ஒரு சோதனை எப்படி நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். பந்தயம் முடிந்து மூச்சு இரைக்க நிற்கும்போதே ஓர் உதவியாளர் வந்து பெயரைக் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார். அந்த நொடியிலிருந்து அவர் உங்களைக் கண்ணைவிட்டு அகற்ற மாட்டார். தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். சிறுநீர் வரும்போது கழிப்பறைக்குள் உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி கூட வருகிறார். சட்டையை மார்புவரை தூக்கி, கீழாடையை முழங்கால்வரை இறக்கி, அவர் பார்க்கும்படிதான் சிறுநீர் கழிக்க வேண்டும். குறைந்தது 90 மில்லிலிட்டர். போதவில்லையென்றால் மறுபடி காத்திருப்பு. பிறகு முத்திரை உடையாத பெட்டிகளில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்து, 'ஏ' குப்பி, 'பி' குப்பி என்று இரண்டிலும் நீங்களே ஊற்றி, மூடியைத் திருகுகிறீர்கள். டிக் டிக் என்று பூட்டிக்கொண்ட பிறகு உடைக்காமல் அதைத் திறக்க முடியாது. எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்து. கடைசி ஏழு நாட்களில் சாப்பிட்ட மருந்தெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஏ'யில் தடைசெய்த பொருள் தெரிந்தால் 'பி'யை உங்கள் முன்னிலையில் திறக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இவ்வளவு கவனம் எதற்கு? ஒரு மனிதரின் வாழ்நாள் பெயர் அந்தக் குப்பிக்குள் இருக்கிறது என்பதற்காக. அந்தப் பெயரை நாம் ஒரு டீக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறோம்.

நாடு எப்படி இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 2023 கணக்குப்படி இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 214இல் தடைசெய்த பொருள் இருந்தது. 3.8 சதவீதம். அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் சோதிக்கிற நாடுகளில் நம் விகிதம்தான் முதலிடம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பலர் மைதானத்தைவிட்டே ஓடிவிட்டார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியது ஒரே ஒருவர். கழிப்பறையில் ஊசிகள் கிடந்த படம் நாடெங்கும் சுற்றியது. அவர்கள் யாரும் வயதானவர்கள் இல்லை. இளம் பிள்ளைகள். இளமையாக இருப்பதே சுத்தத்துக்குச் சாட்சி என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, இளையோர் போட்டியில் நுழையப் பிறப்புச் சான்றிதழிலேயே வயதைக் குறைக்கிற பழக்கமும் நம்மிடம் உண்டு. எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்க வேண்டிய நாட்டில், 'வயசுக்கு மீறிய வேகம்' என்ற வாதம் எவ்வளவு தாங்கும்?

சந்தேகத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது எந்தப் பக்கம் போனாலும் விடாது. 2020இல் தாதே பொகாச்சர் 21 வயதில் டூரை ஜெயித்தார். 'இந்தச் சின்ன வயதில் எப்படி' என்றார்கள். 2024இல் பிளாட்டோ தெ பேய் மலையை, 1998இல் மார்கோ பந்தானி எடுத்த நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைவாக ஏறினார். பந்தானியின் காலம் ஈபிஓ காலம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் முணுமுணுப்பு கூடியது. சைக்கிள், சக்கரம், உணவு, சாலை எல்லாம் இந்த இருபத்தாறு ஆண்டுகளில் மாறியிருக்கின்றன. பொகாச்சர் எந்தச் சோதனையிலும் தோற்றதில்லை. இன்னொரு பக்கம் கிறிஸ் ஃப்ரூம். நான்கு டூர் ஜெயித்தவர். 2017 வுவெல்டாவில் ஆஸ்துமா மருந்தான சால்புடமால் அனுமதித்த அளவைப்போல் இரு மடங்கு காட்டியது. விசாரணை நடந்து 2018 ஜூலையில் குற்றமற்றவர் என்று முடிந்தது. 2019 ஜூனில், நேரப் பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்க்கப் போனபோது, மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் சுவரில் மோதித் தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் நொறுங்கின. அதன் பிறகு பழைய ஃப்ரூம் திரும்பவில்லை. உடனே, 'பார்த்தீர்களா, மருந்து நின்றதும் ஆள் காலி' என்றார்கள். ஜெயித்தால் மருந்து, தோற்றால் மருந்து நின்றது. எந்த முடிவு வந்தாலும் ஒரே தீர்ப்பு சொல்கிற மனதிடம் எந்த வீரர் போய் எதை நிரூபிப்பார்?

அதற்காகப் பழையதை மறந்துவிடச் சொல்லவில்லை. அலெஹாந்த்ரோ வால்வெர்தே ரத்த ஏற்ற வழக்கில் இரண்டு ஆண்டு தடை அனுபவித்தவர். 2018இல் 38 வயதில் உலக சாம்பியன் ஆனார். அவரைப் பார்க்கும்போது தயக்கம் வருவது இயல்பு. அது அவருடைய வயதால் வருவதில்லை, அவருடைய வரலாற்றால் வருகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி நம்மைப் பற்றி. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வேலை செய்கிற பலருக்கு நாற்பதில்தான் சைக்கிள் வருகிறது. டாக்டர் சர்க்கரை அளவைச் சொன்னதும் வருகிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் உடல் பெரிய பாய்ச்சலாக முன்னேறும். இருபதில் பயிற்சி செய்யாதவருக்கு நாற்பத்தெட்டில் தம் வாழ்நாளின் சிறந்த உடல் கிடைப்பதில் மாயம் ஒன்றுமில்லை. உங்கள் டீக்கடை அண்ணனும் அநேகமாக அப்படித்தான்.

ஆனால் ஏமாற்று அமெச்சூர்களிடம் கிடையாது என்று சொல்ல முடியாது. 2012இல் நியூயார்க் கிரான் ஃபோண்டோவில், பரிசுப் பணத்துக்காக ஓட்டாத அமெச்சூர்களில் இருவர் ஈபிஓவோடு பிடிபட்டார்கள். அதே நேரம், தெரியாமல் மாட்டுவதும் உண்டு. 2018இல் அமெரிக்காவில் மூத்தோர் டிராக் பந்தயத்தில் கார்ல் குரோவ் என்பவர் டிரென்போலோன் என்ற ஸ்டீராய்டின் சுவடோடு சிக்கினார். அவருக்கு வயது 90. முந்தின இரவு சாப்பிட்ட மாட்டு ஈரல்தான் காரணமாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டு எச்சரிக்கையோடு விட்டார்கள். சாதனை மட்டும் போனது. உடலில் என்ன இருந்தாலும் அதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு என்பதுதான் உலக விதி. தொண்ணூறு வயதுத் தாத்தாவுக்கும் அதே விதி.

அப்படியானால் ஜிம் வாசலில் விற்கிற பெயர் தெரியாத பவுடரையும், 'முழுக்க மூலிகை' என்று சொல்லிக் கொடுக்கிற லேகியத்தையும், 'நாற்பதுக்கு மேல் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள்' என்று நண்பர் சொல்கிற டெஸ்டோஸ்டீரோன் ஊசியையும் என்ன சொல்வது? டப்பாவில் எழுதாத ஸ்டீராய்டு கலந்திருப்பது உலகமெங்கும் நடந்துவருகிற விஷயம். பந்தயத்தில் பெயர் போவதைவிடப் பெரிய ஆபத்து அதில் உண்டு. கல்லீரலும் இதயமும் உங்களுடையவை. நோய்க்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தானால் போட்டி அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வழி இருக்கிறது. ஒரு மருந்து தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலி இருக்கிறது. கைபேசியில் ஸ்ட்ராவாவுக்கு இடம் கொடுத்தவர்கள் அதற்கும் கொடுங்கள்.

வயதோடு எப்படிப் போட்டி போடுவது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். பிரான்ஸின் ரொபேர் மார்ஷான். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற பந்தயத்தில் 100 வயதில் 24.25 கிலோமீட்டர் போனார். 102 வயதில் 26.927. அந்த இடைவெளியில் பயிற்சியை மாற்றி, பெரும்பகுதி நிதானமாகவும் சிறுபகுதி கடுமையாகவும் மிதிக்க வைத்து ஆராய்ந்தார்கள். அவருடைய விஓ2 மேக்ஸ் 31லிருந்து 35க்கு ஏறியது. நூறு வயதுக்குப் பிறகும் ஏறியது! பிறகு 105 வயதில் மறுபடி வந்தார். 22.547. குறைந்துதான் போயிற்று. அதற்காக யாரும் அவரைத் தோற்றவர் என்று சொல்லவில்லை. அவருடைய வளைகோடு அவருடையது. ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது.

ஆக, நான் கேட்டுக்கொள்வது மூன்று. முதலாவது, ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அவரை அவருடைய பழைய ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை மாதத்தில், எத்தனை மணி நேரப் பயிற்சியில், எந்தத் திறனில் மாற்றம் என்று பாருங்கள். பெரும்பாலும் சந்தேகம் அங்கேயே கரைந்துவிடும். கரையாமல், கையில் உறுதியாக ஏதாவது இருந்தால், அதைப் போட்டி நடத்துபவரிடமோ முகமையிடமோ கொண்டுபோங்கள். டீக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது, இங்கே போட்டி நடத்துகிறவர்களுக்கு. நாற்பது, ஐம்பது, அறுபது என்று வயதுப் பிரிவு வையுங்கள். பரிசுப் பணம் இருக்கிற போட்டிக்குச் சோதனையும் வையுங்கள். மருந்துக்கும் வதந்திக்கும் ஒரே மாற்று அதுதான்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும். இந்தத் தமிழ்நாட்டில் இன்னொரு பெண் முப்பது வயதில், முப்பத்தைந்து வயதில், ஓர் ஆசியப் பந்தயத்தை ஜெயிக்கத்தான் போகிறாள். அன்றைக்கு மாலை வாங்க ஓடுவதற்கு முன்னாலும், 'இந்த வயசுலயா' என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னாலும், அமைப்புகளைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்போம். இவளைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? அதன் முடிவு எத்தனை நாளில் வந்தது? இவளுக்கு மருந்தும் பவுடரும் கொடுப்பது யார், அவரை யார் சோதிப்பது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அவளைத் தாராளமாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடலாம். பதில் இல்லையென்றால், குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியது அவள் இல்லை.